கண்ணிழந்தும் பாடிய வன்றொண்டர்

"நான் குறையுடையவன், திருக்கோயில் வாயிலை மிதிக்க எனக்குத் தகுதியில்லை" என்று ஒதுங்கி நிற்கும் வாலிபர் சிலர் நம்மிடையே உளர். அன்னார் சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றை ஒருகால் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

சுந்தரர் கி. பி. 8ஆம் நூற்றாண்டினர் என்பது அறிஞர் பலர் துணிபு. திருநாவலூரிலே தோன்றி, நரசிங்கமுனையரையர் என்னும் சிற்றரசராலே வளர்க்கப்பெற்றவர். மணப்பந்தரிலே இறைவனோடு வன்மை பேசி வாதாடியமையால் வன்றொண்டர் எனப் பெயர் பெற்றார். நம் ஈழத்துத் திருக்கேதீச்சரத்துக்கும் பதிகம் அருளியவராதலின், நமக்கு மிக அணுக்கமானவர்.

திருவாரூரிலே பரவையாரை மணந்திருந்த அவர், பின்னர்த் திருவொற்றியூரிலே சங்கிலியாரையும் மணக்க விழைந்தார். பிரியேன் என்று இறைவன் திருமுன்னர்ச் சூளுரைத்தல் வேண்டியதாயிற்று. பிற பதிகளுக்கும் செல்லக் கருதிய சுந்தரர், தாம் சூளுரைக்கும் வேளையில் கருவறையை நீங்கி மகிழ மரத்தின்கீழ் இருக்குமாறு பெருமானை வேண்டினார். பெருமானும் இசைந்தார், ஆனால் அம்மகிழின்கீழேயே சூளுறவு பெறுமாறு சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார்! வேறு வழியின்றிச் சுந்தரர் அங்கேயே சூளுரைத்தார். வசந்தம் வந்தது. திருவாரூர் நினைவு மேலிட, சொல்லை மறந்து புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளியிழந்தன.

அதன்பின் அவர் செய்தது யாது? தாம் செய்தது பிழையன்று என்று சாதித்தாரல்லர். "பிழை செய்தேன், இனிப் பாடேன்" என்று வாயடைத்தாருமல்லர். பிழையைத் தமதென்றே கொண்டு, அப்பிழையோடும் இறைவனையே பற்றினார். உரிமையோடு முறையிட்டார். வழி தடவி நடந்தார். திருவெண்பாக்கத்திலே கிடைத்தது ஓர் ஊன்றுகோல் மாத்திரமே. காஞ்சி ஏகம்பத்திலே இடக்கண் பெற்றார். திருவாரூரை அடைந்த பின்னரே வலக்கண் பெற்றார். இடைவழியெங்கும் பதிகங்கள் பிறந்தன.

இவ்வரலாற்றை 12ஆம் நூற்றாண்டிலே பெரியபுராணமாகப் பாடிய சேக்கிழார் பெருமான், இப்பிழையை மறைத்தாரல்லர். சுந்தரரையே காப்பியத் தலைவராக்கி, இதனையும் விரித்துரைத்தார். அடியார் பெருமையை உலகறியத் திருத்தொண்டத்தொகை பாடியவரும் இந்தச் சுந்தரரே. அதிலே அவர் தம்மை அடியார்க்கு அடியாராகவே வைத்தார்.

இதனால், பிழை செய்தல் தகும் என்று கொள்ளற்க. சங்கிலியாருக்கு நேர்ந்த துயரமும் சிறிதன்று. சுந்தரர் பெற்ற தண்டனையும் சிறிதன்று. குறையை உணர்வது வேறு. குறையைக் காரணங்காட்டி இறைவனை விட்டு நீங்குவது வேறு. முன்னையது பணிவு, பின்னையது, திருவருளிலும் நம் பிழை பெரிதென்று எண்ணும் செருக்கு.

ஆதலின் வாலிபர்களே, முழுதும் திருந்திய பின்னரே திருக்கோயிலுக்குச் செல்வோம் என்று காத்திராதீர்கள். பெரியோர்களே, தவறிய இளைஞன் ஒருவன் கூசி வாயிலில் நிற்பானாயின், அவனுக்கு ஊன்றுகோலாகுங்கள். கண் தருவது பெருமான் செயல்.