படிவம் 4-இல் கட்டடம், தோட்டக்கலை, சுற்றுச்சூழல்: கைத்திறனுக்குச் சான்றிதழ் தரும் பாடங்கள்

படிவம் 3 முடியும் தறுவாயில், அடுத்து எந்தப் பாடங்களை எடுப்பது என்பதை மாணவர்கள் முடிவு செய்ய வேண்டும். அறிவியல், கணக்கியல் பிரிவுகளைப் பற்றி வீடுகளில் பேசும் அளவுக்கு, கட்டுமானமும் தோட்டக்கலையும் பேசப்படுவதில்லை. ஆனால், இவையும் எஸ்.பி.எம். பாடங்களே.

எம்.பி.வி. எனப்படும் தொழிற்கல்விப் பாடங்கள் 2002-இல் சாதாரண இடைநிலைப்பள்ளிகளில் அறிமுகம் கண்டன. வீட்டுக் கட்டுமானத்திற்கு ‘பெம்பினாஆன் டொமெஸ்டிக்’, குழாய் வேலைக்கு ‘கெர்ஜா பைப் டொமெஸ்டிக்’, நில அழகுக்கும் நாற்றங்காலுக்கும் ‘லண்ட்ஸ்காப் டான் நர்சரி’, உணவுப் பயிர்களுக்கு ‘தானாமான் மாக்கானான்’ என்று இவை பிரிந்துள்ளன. பட்டறையும் ஆசிரியரும் உள்ள பள்ளிகளில் மட்டுமே இவை நடத்தப்படுகின்றன. செய்முறை வேலைக்கும் மதிப்பெண் உண்டு.

கட்டடம்

பசுமைக் கட்டடம் என்ற பெயரில் இதில் தனிப் பாடம் இல்லை. ஆனால், அதன் அடிப்படைகள் கட்டுமானம், குழாய் வேலை ஆகியவற்றோடு ஒட்டியவை. நம் நாட்டில் காலை, மாலை வெயில் கிழக்கு, மேற்குச் சுவர்களையே அதிகம் தாக்கும். எனவே, ஜன்னல்கள் வடக்கு, தெற்கு நோக்கி இருந்தால் வீட்டுக்குள் சூடு குறையும். மழைநீர்க் கணக்கும் எளிதுதான். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை கொட்டினால் ஏறத்தாழ 2,000 லிட்டர் கிடைக்கும்.

மலேசியாவின் பசுமைக் கட்டடக் குறியீடு 2009-இல் தொடங்கியது. புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் இதற்கு நல்ல உதாரணம். அதன் சுவர்கள் கீழ் நோக்கி உள்வாங்கி இருப்பதால் மேல் மாடி கீழ் மாடிக்கு நிழல் தருகிறது. இத்தகைய கட்டடங்களுக்குக் கட்டடக் கலைஞர் மட்டும் போதாது. குழாய் பொருத்துபவரும் கொத்தனாரும் தோட்டக்காரரும் விவரம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

தோட்டக்கலை

இந்தத் துறை தோட்டப்புறத் தமிழர்களுக்குப் புதிதல்ல. பால்மரத்திற்கு ஒட்டுக் கட்டியதும், பைகளில் செம்பனைக் கன்றுகளை ஓராண்டு வரை வளர்த்ததும், வளர்ச்சி குன்றிய கன்றைப் பார்த்தவுடன் ஒதுக்கியதும் நம் பெற்றோரும் பாட்டிமாரும்தான். அவர்களிடம் திறமை இருந்தது. அதைக் காட்டும் தாள் இல்லை. அதனால் தோட்டம் விற்கப்பட்டபோது பலர் வெறுங்கையோடு நகரம் வந்தனர்.

சுற்றுச்சூழல்

சுற்றுச்சூழல் நிலைத்தன்மை தனிப் பாடமாக இல்லாமல் எல்லாப் பாடங்களிலும் ஊடுருவும் கூறாகவே இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டத்தில் அமைந்துள்ளது. கீழ்நிலைப் படிவங்களில் ஆர்.பி.தி. பாடத்தில் மீனையும் கீரையையும் ஒரே நீரில் வளர்க்கும் அக்குவாபோனிக் முறை, சொட்டுநீரோடு உரம் செலுத்தும் ஃபெர்திகாசி முறை ஆகியவற்றை வடிவமைக்க மாணவர்கள் கற்கின்றனர். இவற்றில் ஆர்வம் காட்டும் பிள்ளைக்குப் படிவம் 4-இல் தோட்டக்கலை பொருந்தும்.

எந்த வழி, எந்தச் சான்றிதழ்?

எம்.பி.வி. எடுப்பவர் வழக்கம்போல் எஸ்.பி.எம். எழுதுவார். பி.வி.எம்.ஏ. திட்டத்தில் சேர்பவர் அதே பள்ளியில் பயின்று எஸ்.கே.எம். 2-ஆம் நிலைச் சான்றிதழை நோக்கிச் செல்வார். தொழிற்கல்விக் கல்லூரியில் சேர்பவர் முதலில் எஸ்.வி.எம்., பிறகு டிப்ளோமா பெறலாம்.

எஸ்.கே.எம். மூன்று நிலைகளைக் கொண்டது. அதற்கு மேல் திறன் டிப்ளோமாவும் உயர்நிலை டிப்ளோமாவும் உள்ளன. பல ஆண்டு நாற்றங்காலிலோ கட்டுமானத்திலோ உழைத்த பெற்றோரும் இதைப் பெற வழியுண்டு. திறன் மேம்பாட்டு இலாகாவின் பி.பி.தி. முறையில், வேலை அனுபவத்தை ஆதாரங்களோடு தொகுத்துக் காட்டினால் அது மதிப்பிடப்படும்.

முடிவெடுக்கும் முன்

- எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். தொழிற்பாடம் எடுத்தாலும் இவற்றில் சலுகை இல்லை.

- கட்டடக் கலைஞராகவோ விவசாய விஞ்ஞானியாகவோ விரும்புவோருக்குக் கணிதமும் அறிவியலும் தேவை. அவர்கள் பாடத் தேர்வை ஆலோசக ஆசிரியரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

- கிடைக்கப்போவது எம்.பி.வி.யா, எஸ்.கே.எம்.-ஆ, எந்த நிலை என்பதைப் பள்ளியிடம் தெளிவாகக் கேட்க வேண்டும்.

- கட்டுமானத் தளத்தில் வேலை செய்ய சி.ஐ.டி.பி. பதிவு அட்டை வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

படிப்பில் பின்தங்கிய பிள்ளையை ஒதுக்கி வைக்கும் இடமாக இப்பாடங்களைக் கருதுவது தவறு. விருப்பத்தோடு சேரும் பிள்ளைக்கே பட்டறையும் நாற்றங்காலும் பலன் தரும். தாத்தா செய்த அதே வேலைதான் என்றாலும், கையில் சான்றிதழோடு செய்யும்போது சம்பளம் பேசும் உரிமையும் மேலே படிக்கும் வாய்ப்பும் கூட வரும்.