சிறப்புத் தேவை மாணவர்களுக்கான சுகாதாரச் சேவை: பெட்டாலிங் ஜெயா

மலேசியாவில் சிறப்புக் கல்வி பெறும் பிள்ளையின் பள்ளிப் பயணம் கிளினிக்கில்தான் தொடங்குகிறது. பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல் ஆகியவற்றில் ஒன்றிலோ பலவற்றிலோ குறைபாடு இருப்பதாக மருத்துவர், செவித்திறன் வல்லுநர், உளவியலாளர் போன்றோர் உறுதிப்படுத்திய பிள்ளையையே 2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி ஒழுங்குமுறைகள் சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவராகக் கொள்கின்றன. மருத்துவச் சான்று தள்ளிப்போனால் வகுப்பறையும் தள்ளிப்போகும். பெட்டாலிங் ஜெயா, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என எங்கும் இதே நிலைதான்.

முதல் கட்டம் அரசாங்கத் தாய் சேய் நல கிளினிக். தடுப்பூசிக்கு எடுத்துச் செல்லும் குழந்தை நலப் பதிவுப் புத்தகத்திலேயே எம்-சேட் என்னும் ஆட்டிசக் கேள்வித்தாளும் இருக்கிறது. ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் அதை நிரப்ப வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா, வேண்டியதை விரலால் சுட்டுகிறதா போன்ற எளிய கேள்விகள்தாம். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டுவிடும் பெற்றோர் உண்டு. சந்தேகம் இருந்தால் தாதியிடம் அங்கேயே சொல்லிவிடுவது பிள்ளைக்குப் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

சந்தேகம் எழுந்த பிள்ளையை நிபுணர்களிடம் அனுப்புகிறார்கள். இந்த வட்டாரத்தில் பெட்டாலிங் ஜெயாவை ஒட்டியுள்ள மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையமும் கிள்ளானின் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும் பெரியவை. பேச்சு சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை, செவிப் பரிசோதனை ஆகியவை இப்பிள்ளைகளுக்குத் தேவைப்படலாம். நாட்டில் பேச்சு சிகிச்சைக்கும் செவியியலுக்கும் பட்டப்படிப்பு, மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1995இல்தான் தொடங்கியது. ஒரு ரிங்கிட் கட்டணத்தில் அரசாங்க கிளினிக் மருத்துவரைப் பார்த்துவிடலாம். ஆனால், இவ்வளவு இளைய துறையில் சிகிச்சையாளரின் நேரம் கிடைப்பதுதான் கடினம்.

பார்வைக் குறைபாட்டுக்கு இவ்வட்டாரத்தில் தனி வரலாறு உண்டு. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இயங்குகிறது. பெட்டாலிங் ஜெயாவின் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை அச்சங்கம் உருவாக்கியதே. பள்ளிச் சுகாதாரக் குழு முதலாம் ஆண்டு மாணவர்களின் கண்ணைச் சோதிப்பதைச் சடங்காக நினைக்கக் கூடாது. கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு ‘மந்தம்’ என்ற பெயர் விழுந்துவிட்டால் அதைத் துடைக்க ஆண்டுகள் ஆகும்.

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி சமூக நல இலாகா வழங்கும் ‘ஓ.கே.யூ.’ அட்டைக்கும் மருத்துவர் சான்று தேவை. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், டிஸ்லெக்சியா ஆகியவை ‘கற்றல் பிரச்சினை’ பிரிவில் வருகின்றன. பதிவு கட்டாயமில்லை. “பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களே” என்று தயங்கும் பெற்றோரின் அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த அட்டை கட்டணச் சலுகைகளைத் தருகிறது. சிறப்புக் கல்வி மாணவர்களுக்கெனக் கல்வி அமைச்சு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் வைத்திருக்கிறது. பள்ளியில் சேர்ந்ததும் மூன்று மாதம் வரை பிள்ளையைக் கவனித்து, சிறப்புப் பள்ளியா, சாதாரணப் பள்ளிக்குள் தனி வகுப்பா, எல்லோரோடும் ஒரே வகுப்பா என்று முடிவு செய்கிறார்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு மொழியும் ஒரு கேள்வி. மதிப்பீடு பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கிறது. பூனைப் படத்தைக் காட்டி “அப்பா இனி?” (இது என்ன?) என்று மலாயில் கேட்டால், வீட்டில் தமிழ் மட்டும் பேசும் நான்கு வயதுப் பிள்ளை விழிக்கும். ‘பூனை’ என்ற சொல் அதன் வாயில் இருந்தும் தாளில் வெற்றிடமே பதிவாகும். பேச்சுக் குறைபாடு இருந்தால் அது வீட்டு மொழியிலும் தெரியும். புதுமொழியில் மட்டும் தடுமாறுவது குறைபாடு ஆகாது. ஆகவே, பிள்ளை தமிழில் சொல்லும் சொற்களை ஒரு வாரம் குறித்துவைத்து, பாலர் பள்ளி ஆசிரியர் எழுதிய ஒரு பக்கக் குறிப்போடு சிகிச்சையாளரிடம் கொடுப்பது பயன் தரும். தமிழ் தெரிந்த தாதி கிளினிக்கில் இருந்தால், அறைக்குள் உடன் வரும்படி கேட்கலாம்.