நார்னியாவுக்கு முன்பே தஞ்சாவூரில்



நம் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். வேதத்தில் ஊன்றிய மாயக்கதையும் அறிவியல் கதையும் தமிழில் எழுத ஆசையாம். இணையத்தில் எதை வாசிப்பது என்று கேட்டுவிட்டு, "ஆங்கிலத்தில் லூயிஸ், டோல்கீன் என்று இருக்கிறார்கள், நமக்குத்தான் யாருமே இல்லையே ஐயா" என்று முடித்திருந்தாள். முதலில் அந்தக் கடைசி வரியைத் திருத்திவிடுகிறேன். வாத்தியார் புத்தி போகாது.

குற்றாலக் குறவஞ்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். தலைவன் உலா வருவான், தலைவி மயங்குவாள், குறத்தி வந்து மலைவளம் பாடிக் குறி சொல்லுவாள், சிங்கன் பறவை பிடிப்பான். இந்த நாடகத்தை அப்படியே எடுத்து, தலைவனாக இயேசுவையும் தலைவியாகத் தேவமோகினி என்ற சீயோன் மகளையும் வைத்து, 1800-ஐ ஒட்டித் தஞ்சாவூரில் ஒருவர் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். அவர்தான் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). நெல்லைச் சீமைக்காரர். சிறுவனாக இருந்தபோது சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். சரபோஜி மன்னருக்கும் சுவார்ட்ஸ்தான் குரு. சாஸ்திரியார் தரங்கம்பாடியிலும் படித்து, இருபது வயதுவாக்கிலேயே தலைமையாசிரியர் ஆகிவிட்டார்.

அந்தக் குறவஞ்சியில் ஒரு வேடிக்கை உண்டு. குறத்தி பாடும் மலைவளம், நாட்டுவளத்தோடு, மிஷன் பள்ளியில் கற்ற உலகப் புவியியலையும் சூரியனைக் கிரகங்கள் சுற்றுகின்றன என்ற கோப்பர்னிக்கஸ் வானியலையும் சாஸ்திரியார் பாட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார். பாடமாக நடத்தவில்லை, ராகத்தோடு பாட வைக்கிறார். லூயிஸ் தம் கதாநாயகனைச் செவ்வாய்க்கு அனுப்பிய நாவல் வந்தது 1938-ல். சாஸ்திரியாருடையது அறிவியல் புனைகதை என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் புது அறிவியலையும் பழைய விசுவாசத்தையும் கற்பனையில் ஒன்றாகக் கட்டும் வேலை நம் மொழியில் அவரிடமே நடந்துவிட்டது.

மாயக்கதைக்கு வருவோம். ஜான் பனியன் 1678-ல் எழுதிய மோட்சப் பயணக் கதையைப் பின்பற்றி லூயிஸும் ஒரு நூல் எழுதினார், 1933-ல். அதே பனியனை எடுத்துக்கொண்டு எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' வெளியிட்டது 1894-ல். இவரும் நெல்லைக்காரர். வைணவக் குடும்பம், கம்பனில் ஊறியவர், 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர், சாயர்புரத்தில் தமிழாசிரியர். பனியன் எழுதியது உரைநடை. இவர் கம்பன் நடையில் 3,700-க்கும் மேற்பட்ட பாடல்களாக்கினார். பனியன் விரித்துச் சொல்லாத இயேசுவின் பாடுகளை நடுவில் நீளமாகப் பாடினார். மொழிபெயர்ப்பு என்று இதைச் சொல்பவர்கள் முழுதும் வாசித்திருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். அழிவின் நகரத்தை விட்டு ஓடுகிறவன் நம் காதுக்கு அந்நியனாகவே படமாட்டான்.

இவர்களுக்கும் முந்தியவர் வீரமாமுனிவர். 1726-ல் முடித்த 'தேம்பாவணி'யில் 3,615 பாடல்கள். தலைவன் சூசையப்பர், நடக்கும் இடம் யூதேயா. ஆனால் நாட்டுப் படலத்தில் விரிவது நெல்வயலும் கரும்பும். இத்தாலியில் பிறந்தவர், தமிழனுக்குச் சொல்லும் கதையில் தமிழ் மண்தான் இருக்க வேண்டும் என்று புரிந்துகொண்டார். நமக்குப் பக்கம்தான் அவர் ஊழியம் செய்த இடம், கோவில்பட்டி அருகே காமநாயக்கன்பட்டி. போகாதவர்கள் ஒருமுறை போய்வாருங்கள். பரமார்த்த குரு கதையும் அவருடையதே. சிரிக்கச் சிரிக்க எழுதுவது விசுவாசத்துக்கு இழுக்கு என்று நினைக்கிற சபைப் பெரியவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வது.

இனி, மாணவி கேட்ட கேள்வி. உலகத்துக்கே காலண்டர் அடிக்கிற சிவகாசி கூப்பிடுதூரத்தில் இருந்தும், இந்தப் புத்தகங்கள் எங்கள் காலத்தில் சூலக்கரைப் பக்கம் கண்ணில் பட்டதில்லை. நிலைமையை மாற்றியது 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்றார். அப்போது தமிழ் எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒரு கணினியில் அடித்தது இன்னொன்றில் கட்டங்கட்டமாகத் தெரியும். அந்த நிலையிலும் பல நாட்டுத் தமிழர்கள் வேலைக்குப் போய்வந்த நேரம்போக உட்கார்ந்து, சம்பளமில்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தார்கள். சங்க இலக்கியத்தோடு கிறிஸ்தவ, இஸ்லாமிய நூல்களும் அங்கே இலவசமாகக் கிடைப்பதற்கு அவர்கள்தான் காரணம். 2001-ல் தமிழக அரசு தொடங்கிய நிறுவனம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம். அதன் மின்நூலகத்தில் தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் உண்டு.

தட்டச்சுப் பிழை எங்கும் இருக்கும். சந்தி புரியாமல் நின்றால், இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய பதிப்பின் படப்பிரதி இருக்கிறதா என்று தேடி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதிகள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, வின்சுலோ (1862), பப்ரிசியுஸ் மூன்றும் அங்கே தேடுகிற வசதியோடு இருக்கின்றன. பப்ரிசியுஸ் வேதாகமத்தையும் மொழிபெயர்த்தவர். தேவதூதனும் பேயும் வனாந்தரமும் வருகிற கதைக்கு அவர் அகராதியில் கிடைக்கிற பழைய சொற்கள் வேறெங்கும் கிடைக்காது.

எடுத்த எடுப்பில் தேம்பாவணிக்குள் இறங்க வேண்டாம், பயந்து ஓடிவிடுவீர்கள். பரமார்த்த குருவில் தொடங்கிக் குறவஞ்சிக்குப் போய், பிறகு யாத்திரிகம். மாணவி முதல் அத்தியாயத்தை எழுதியதும் எனக்கு அனுப்பட்டும். சிவப்பு மை இன்னும் தீரவில்லை.