சிவகாசியில் தீப்பெட்டி ஏன்?

தொழில் தொடங்கத் துணிவும் முதலும் இருந்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். சிவகாசியின் வரலாற்றைப் பார்த்தால் அது பாதி உண்மைதான் என்று தெரிகிறது.

அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் 1922-ல் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். இருவரும் உறவினர்கள். அங்கே தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுக்கொண்டு, 1923-ல் ஊர் திரும்பித் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். பின்னர் பிரிந்து தனித்தனியே தொழில் செய்தார்கள். ஒருவருடைய அணில் மார்க்கும் இன்னொருவருடைய காக்கா மார்க்கும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள். மொழி தெரியாத ஊருக்குத் தொழில் கற்கப் போனது அவர்களுடைய சொந்தத் துணிச்சல், சந்தேகமில்லை.

ஆனால் இந்த யோசனை தஞ்சாவூரில் யாருக்கும் ஏன் வரவில்லை? காவிரி பாயும் இடத்தில் கையில் காசு சேர்ந்தால் நிலம் வாங்குவார்கள். சிவகாசியோ வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ஊரில் பாதிப் பேருக்கு வேலை கிடையாது. அதனால் கூலிக்கு ஆள் கிடைத்தது. பயிரைக் கருக்கிய அதே வெயிலில் தீக்குச்சியும் மருந்தும் சீக்கிரம் காய்ந்தன!

அடுத்தது சமூகம். 1899-ல் சிவகாசி பெரும் கலவரத்தைச் சந்தித்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டதற்காகத் தாக்கப்பட்ட நாடார்கள் தங்கள் கையை நம்பியே நிற்க வேண்டியிருந்தது. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று பொதுவில் சேர்த்தார்கள். அதில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. விருதுநகரில் 1889-லேயே ஒன்று வந்துவிட்டது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் வந்தது, இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி அதுதான். இப்படிப்பட்ட சூழலில் வளர்ந்த பையனுக்கு வியாபாரம் என்பது பயப்பட வேண்டிய விஷயமாகத் தோன்றாது.

காலமும் ஒத்துழைத்தது. இறக்குமதித் தீப்பெட்டிக்கு அரசு 1922-ல் தீர்வையை உயர்த்தியது. ஸ்வீடன், ஜப்பான் சரக்கு விலை ஏறியதால் உள்ளூர்ச் சரக்குக்கு இடம் கிடைத்தது.

வெற்றிக் கதையாக மட்டும் இதைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். மலிவாகக் கிடைத்த அந்தக் கைகளில் குழந்தைகளின் கைகளும் இருந்தன. சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அபாயகரமான தொழிலில் வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. கல்கத்தா பயணம் நடந்து அப்போது 74 வருடங்கள் ஆகியிருந்தன.