எதை வாசித்துச் சீனம் கற்பது? ஒரு பழைய பாடநூலின் வரலாறு

சீனம் கற்பவர் எவரும் ஒரு கட்டத்தில் இந்த இடைவெளியில் வந்து நிற்பர்: பாடநூல் தீர்ந்துவிடும், செய்தித்தாளோ இன்னும் எட்டாது. சொற்களுக்கிடையே இடம் விடாத எழுத்துமுறை அது. அறியாத எழுத்தின் ஒலியைப் பெரும்பாலும் உறுதியாகச் சொல்லவும் இயலாது. இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பின்னும் ஒரு பத்திக்கு அரைமணி நேரம் அகராதியோடு போராடியவன் என்ற முறையில் இச்சிக்கலின் வரலாற்றைத் தேடினேன். தேடல் கொரியாவில் போய் நின்றது.

செவ்வியல் சீனம் கொரிய அறிஞர்க்கு அந்நியமன்று. ஆயினும், கன்பூசியசைக் கரைத்துக் குடித்தவரால் பெய்ஜிங் சந்தையில் குதிரைக்கு விலை பேச முடியாது. இந்த இரட்டை வழக்கு நமக்கு விளக்க வேண்டாதது. இக்குறையை நிரப்ப 14ஆம் நூற்றாண்டில் எழுந்ததே 'லாவோ ச்சிதா' என்னும் உரையாடல் நூல். குதிரைகளும் ஜின்செங் வேரும் துணியும் விற்கப் புறப்படும் கொரிய வணிகர்கள் வழியில் வாங் என்ற சீன வணிகரோடு சேர்கின்றனர். விடுதி, தீவனம், சமையல், பேரம் என்று பேச்சு நகர்கிறது.

நூலின் தொடக்கமே சுவையானது. இவ்வளவு நன்றாகச் சீனம் பேசுகிறாயே, எங்கே கற்றாய் என்று வாங் வினவுகிறார். கொரியர் தம் பள்ளியை விவரிக்கிறார்: கன்பூசியசும் மென்சியசும் பாடம், சீட்டு எடுத்து ஒப்பிக்க வேண்டும், தவறினால் மூன்று அடி. அந்தப் பாடங்கள் மட்டும் போதியிருந்தால் இந்த நூலுக்கே தேவை இருந்திராது!

பேச்சைப் பதிந்த நூல் பேச்சோடு சேர்ந்து பழையதாகிறது. 1480இல் சீனத் தூதுக்குழுவுடன் வந்த ஒருவர் இதைப் பார்த்து, இது யுவான் காலப் பேச்சு, இன்றைய மொழியன்று என்றார். 1483இல் நூல் திருத்தப்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ச்வே செ-ஜின் அதைக் கொரியத்தில் பெயர்த்தார். ஒவ்வொரு சீன எழுத்தின் கீழும் கொரிய எழுத்தில் இரண்டு ஒலிப்புகளையும் குறித்தார். ஒன்று மரபு ஒலிப்பு, மற்றது அன்றைய பேச்சொலி. 1761இலும் 1795இலும் மீண்டும் திருத்தங்கள் வந்தன.

திருத்தத்துக்கு முந்தைய வடிவம் 1998இல் டேகு நகரில் கிடைத்தது. அதில் பல வாக்கியங்களின் இறுதியில் 'இரு' என்னும் பொருளுடைய வினை வந்து நிற்கிறது. இதை மங்கோலியத்தின் செல்வாக்கு என்பர். வினையை இறுதியில் வைத்தே பழகிய நமக்கு அந்தச் சீனம் சற்று எளிதாகவே இருந்திருக்கும்! நானூறு ஆண்டு இடைவெளியில் ஒரே உரையாடலின் பல வடிவங்கள் கிடைப்பது வரலாற்று மொழியியலாளர்க்குப் பெரும் பேறு. ஆனால், திருத்தியவர்கள் நம்மை எண்ணித் திருத்தவில்லை. அடுத்த ஆண்டு எல்லை கடக்கவிருந்த மொழிபெயர்ப்பாளரை எண்ணித் திருத்தினர்.

நான் பயின்ற பாடநூலில் மாணவர்கள் அஞ்சலகத்தில் வரிசையில் நின்று தொலைபேசி அட்டை வாங்குகிறார்கள். இன்றைய சீனத்தில் காய்கறிக்குக்கூடக் கைப்பேசியில்தான் பணம் செலுத்துகிறார்கள். அதற்கான சொற்களை நான் வகுப்புக்கு வெளியேதான் கற்றேன். சீனம் பயின்ற நண்பர்கள் மூன்றாம் ஆண்டில் எதை வாசித்தார்கள் என்று எழுதினால் மகிழ்வேன்.