மார்ஷல் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி, 1971

மார்ஷல் பல்கலைக்கழகம் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஹண்டிங்டன் நகரில் உள்ளது. விமான விபத்தில் அழிந்த அதன் கால்பந்து அணி மீண்டும் களமிறங்கிய ஆண்டு 1971 ஆகும்.

1970 நவம்பர் 14 அன்று, கிழக்கு கரோலினா பல்கலைக்கழக அணியுடன் ஆடித் தோற்றுத் திரும்பிய மார்ஷல் அணியின் விமானம், தரையிறங்கும் முன் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 75 பேரும் இறந்தனர். அவர்களுள் 37 பேர் வீரர்கள்; தலைமைப் பயிற்சியாளர் ரிக் டாலியும் ஒருவர். அணியைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

1971 இல் ஊஸ்டர் கல்லூரியிலிருந்து வந்த ஜாக் லெங்யல் புதிய தலைமைப் பயிற்சியாளரானார். அன்றைய விதிப்படி முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட இயலாது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மார்ஷலுக்கு விதிவிலக்கு அளித்தது. அவர்களுடன், அப்பயணத்தில் செல்லாத சில வீரர்களும் பிற விளையாட்டு வீரர்களும் சேர்க்கப்பட்டனர்.

முதல் ஆட்டத்தில் மோர்ஹெட் மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 29-6 எனத் தோற்றனர். செப்டம்பர் 25 அன்று சொந்தக் களத்தில், இறுதி வீச்சில் ரெஜி ஆலிவர் எறிந்த பந்தை டெர்ரி கார்ட்னர் எல்லைக்குள் கொண்டு சேர்க்க, சேவியர் அணி 15-13 என வீழ்ந்தது. பின்னர் பௌலிங் கிரீன் அணியையும் 12-10 என வென்றனர். எட்டு ஆட்டங்களில் தோல்வியே.

லெங்யல் நான்கு ஆண்டுகளில் 9 வெற்றிகளே கண்டு விலகினார். தோல்விகளை விஞ்சிய வெற்றிகள் 1984 இல்தான் வாய்த்தன. 1992 இல் தேசிய இரண்டாம் அடுக்குப் பட்டம் கிட்டியது. எனினும் அணி தொடர்ந்ததற்கு அடித்தளமிட்டது 1971 ஆம் ஆண்டே. ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று வளாகத்திலுள்ள நினைவு நீரூற்று நிறுத்தப்பட்டு, வசந்த காலத்தில் மீண்டும் திறக்கப்படுகிறது.