சேறு காத்த கப்பல்

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி சவுத்சீ கோட்டையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய போர்க்கப்பல் ‘மேரி ரோஸ்’ சோலன்ட் கடலில் கவிழ்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். 1545 ஜூலை 19 அன்று அதிலிருந்த சுமார் 500 பேரில் 40 பேர்கூடப் பிழைக்கவில்லை. எதிரிகள் ஏறிவிடாதபடி மேல்தளத்தில் கட்டியிருந்த வலையே சொந்த ஆட்களுக்கு எமனாயிற்று.

பிறகு நீண்ட மறதி. 1836-ல் மீனவர்களின் வலை அடியில் எதிலோ சிக்கியது. தலைக்கவசம் அணிந்து மூழ்கும் ஜான் டீன் இறங்கிப் பார்த்தார். கையில் தட்டுப்பட்டது பீரங்கி. சிலவற்றை மேலே கொண்டுவந்தார். அதோடு மீண்டும் மறதி.

1965-ல் அலெக்சாண்டர் மெக்கீ என்ற எழுத்தாளர், ஸ்கூபா பழகிய நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தேடத் தொடங்கினார். கப்பலின் மரச்சட்டங்கள் கண்ணில் பட்டது 1971-ல்தான். ஆறு ஆண்டுகள் சளைக்காமல் தேடிய அவர்களில் பெரும்பாலோர் ஊதியம் வாங்காதவர்கள்.

அகழாய்வுக்குத் தலைமை ஏற்றவர் மார்கரெட் ரூல். ஃபிஷ்போர்னில் ரோமானிய அரண்மனையைத் தோண்டியவர். பிறர் பார்த்துவந்து சொல்வதை மட்டும் நம்பி ஆய்வு நடத்த அவருக்கு மனம் ஒப்பவில்லை. நாற்பதைக் கடந்த வயதில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டு தானே இறங்கினார். இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இதுதான்.

ஆழம் அதிகமில்லை, பத்துப் பன்னிரண்டு மீட்டர். ஆனால் குளிரும் கலங்கலும் சேர்ந்த கடல். வண்டல் கிளம்பினால் பார்வை போய்விடும், கைதான் கண். காற்றுக் குழாயால் சேற்றை உறிஞ்சி அகற்றி, ஒவ்வொரு பொருளும் கிடந்த இடத்தை அளந்து, நீரில் ஊறாத பிளாஸ்டிக் தாளில் பென்சிலால் வரைந்துகொண்ட பிறகே அதை எடுத்தார்கள். 1979 முதல் 1982 வரை சுமார் 28,000 முறை மூழ்கியிருக்கிறார்கள்.

வலப்புறமாகச் சாய்ந்த கப்பலின் அந்தப் பக்கம் சேற்றில் புதைந்தது. காற்றில்லாத சேற்றில் மரத்தைத் துளைக்கும் புழுக்கள் வாழ முடியாது. அதனால் அந்தப் பாதி மிஞ்சியது. வெளியே நின்ற இடப்பக்கம் அழிந்தது. உள்ளே 130-க்கும் மேற்பட்ட நெடுவில்கள், ஆயிரக்கணக்கான அம்புகள். பீரங்கிகளைவிட என்னை உலுக்குவது மருத்துவரின் மரப்பெட்டி. அதிலிருந்த களிம்பில், கடைசியாக எடுத்தவரின் விரல் தடம் அப்படியே இருந்தது. அவர் பெயரை எந்த ஆவணமும் சொல்லவில்லை.

1982 அக்டோபர் 11 அன்று இரும்புச் சட்டகத்தில் வைத்துக் கப்பலைத் தூக்கினார்கள். நடுவில் சட்டகத்தின் ஒரு மூலை சட்டென்று நழுவியது. நல்லவேளையாகக் கப்பலுக்குப் பெரிய சேதமில்லை. கரை சேர்ந்த மரத்தை உலரவிடாமல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நனைத்தே வைத்திருந்தார்கள். ஏன் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.